வெளியீட்டுக்கு முந்தைய கன்டெய்னர் இமேஜ்: எந்த டேக்கை நம்பலாம்?

கன்டெய்னர் இமேஜ் என்பது மென்பொருளை அது ஓடத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய பொதி; டேக் அதற்கு இடும் பெயர்ச்சீட்டு. டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தில் 'டெஸ்டிங்', 'ட்ரிக்ஸி' என்ற இரண்டு டேக்குகளும் 2025 ஆகஸ்ட் 9 வரை ஒரே தொகுப்பைத்தான் சுட்டின. அன்று ட்ரிக்ஸி டெபியன் 13 ஆக வெளிவந்தது; 'டெஸ்டிங்' அடுத்த பதிப்பான ஃபோர்கிக்கு நகர்ந்தது. இமேஜை உருவாக்கும் கட்டளைக் கோப்பான டாக்கர்ஃபைலில் 'டெஸ்டிங்' என்று எழுதியிருந்தால், ஒரு வரிகூட மாற்றாமலே அடித்தளம் மாறிவிடும். 'ட்ரிக்ஸி' என்று எழுதியவரோ எதையும் தொடாமல் நிலையான பதிப்புக்கு வந்து சேர்ந்தார். ஒரு பதிப்பை வெளியீடுவரை பின்தொடர வேண்டுமென்றால் 'ட்ரிக்ஸி' போன்ற குறிப்பெயர்தான் சரி.

இன்னொரு லினக்ஸ் விநியோகமான உபுண்டுவில் 'டெவல்' என்பது உருவாகிவரும் பதிப்பு. 'ரோலிங்' அப்படியல்ல: கடைசியாக வெளிவந்த பதிப்பு அது. 'லேட்டஸ்ட்' கடைசி எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு). இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வோர் ஏராளம். எண் டேக்கில் வேறு சிக்கல். 24.04 என்ற டேக், 2024 ஏப்ரல் 25 வெளியீட்டுக்கு முன்பே கிடைத்தது. எண்ணைப் பார்ப்பவர் வேலை முடிந்த பதிப்பு என்றே எடுத்துக்கொள்வார். முடியவில்லை என்று சொல்ல அந்தப் பெயரில் எதுவுமில்லை. ஃபெடோராவின் 'ராஹைட்', ஆல்பைனின் 'எட்ஜ்' இரண்டும் இந்த வகையில் நேர்மையான பெயர்கள். அவை என்றுமே வெளியீடாக மாறுவதில்லை.

ஆனால் நகரும் டேக் எதுவானாலும் நேற்றைய பிழையை இன்று மீட்டுப் பார்க்க முடியாது. அதற்குக் குறிப்பெயருடன் எட்டு இலக்கத் தேதி சேர்ந்த டேக் வேண்டும். அதையும் மேலெழுத முடியும் என்பதால், சிஐயில் (தானாக பில்ட் செய்து சோதிக்கும் அமைப்பில்) டைஜெஸ்டையே, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் மாறாத அடையாளத்தையே, எழுதுங்கள்.

கன்டெய்னர்களைப் பல கணினிகளில் இயக்கும் குபெர்னெட்டீஸில் 'லேட்டஸ்ட்' டேக்குக்கு மட்டுமே இமேஜை எப்போதும் சரிபார்ப்பது இயல்பு. 'டெவல்', 'எட்ஜ்' போன்றவை நோடில் (அந்தக் கணினிகளில் ஒன்றில்) ஏற்கெனவே இருந்தால் பழையதே ஓடும். இழுக்கும் கொள்கையை 'ஆல்வேஸ்' என்று நீங்களே குறிப்பிட வேண்டும்.

நீங்களே விநியோகம் தயாரிப்பவரானால், ஆர்பிஎம், டெப் மென்பொருள் பொதிகளின் பதிப்பெண்களில் முன்வெளியீட்டைக் குறிக்கும் அலைக்குறி (~) டேக்கில் செல்லாது. எழுத்து, இலக்கம், புள்ளி, ஹைஃபன், அடிக்கோடு மட்டுமே, அதிகபட்சம் 128 குறிகள். வெளியீட்டுக்கு முந்தைய இறுதிச் சோதனைப் பதிப்புகளுக்கு 'ஆர்சி2', 'ஆர்சி10' என்று வைத்தால் அகரவரிசையில் 10 முன்னே வரும். 'ஆர்சி02' என்று தொடங்குங்கள்.

வெளியீட்டு நாளில் மறுபடி பில்ட் செய்யாதீர்கள்: சோதித்தது ஒன்று, வெளியானது வேறொன்று ஆகிவிடும். சோதித்த டைஜெஸ்டை இமேஜ்களை நகலெடுக்கும் கருவியான ஸ்கோபியோவால் புதிய டேக்குக்கு நகலெடுங்கள். 'ஆல்' விருப்பத்தை மறந்தால் உங்கள் கணினியின் கட்டமைப்புக்கான இமேஜ் மட்டும் போகும். அது எக்ஸ்86 கணினியானால், ஆர்ம் செயலிப் பயனர்களுக்கு ஏற்ற இமேஜ் அந்த டேக்கில் இருக்காது.