முதலில் பின் அச்சு, கடைசியில் எஞ்சின்: கால் மைல் ஓட்டத்துக்கு 1969 கமாரோவின் பாகங்களைத் தேர்வது எப்படி?

பழைய ஷெவர்லே கமாரோவைக் கால் மைல் (402 மீட்டர்) ஓட்டத்துக்குத் தயார் செய்ய இறங்குபவர்கள் பெரும்பாலும் எஞ்சினில்தான் கை வைக்கிறார்கள். பணத்தில் முக்கால்வாசி அங்கேயே கரைந்துவிடும். மிச்சத்துக்கு ஏதோ ஒரு டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் பாகம்), வண்டியோடு வந்த பின் அச்சு என்று ஒப்பேற்றுவார்கள். இதுதான் தலைகீழ் வரிசை. முதல் 60 அடியில் தவறவிட்ட பத்தில் ஒரு விநாடி, முடிவுக் கோட்டைத் தொடும்போது அதைவிடப் பெரிதாகியிருக்கும். மேலே எத்தனை குதிரைசக்தி இருந்தாலும் அதை ஈடுகட்டுவது கடினம். அதனால் இங்கே டயரில் தொடங்கி முன்னோக்கி வருவோம்.

எடுத்துக்கொண்ட வண்டி இது: 1969 கமாரோ, ஓட்டுநரோடு சேர்த்து 3,500 பவுண்டு (சுமார் 1,590 கிலோ), சாதாரண பங்க் பெட்ரோல், 28 அங்குல உயர டிராக் ரேடியல் டயர், சாலையிலும் ஓட வேண்டும். குதிரைசக்தியை (பவுண்டில்) எடையால் வகுத்து, கனமூலம் எடுத்து, 234-ஆல் பெருக்கினால் முடிவுக் கோட்டைத் தாண்டும் வேகம் மணிக்கு மைலில் கிடைக்கும் என்பது பழகிய கணக்கு. 450 குதிரைசக்திக்கு அது 118 மைல், நேரம் 11.5 விநாடியை ஒட்டி வரும். அதுவே நம் இலக்கு.

12-போல்ட்டா, ஃபோர்டு 9 அங்குலமா?

வண்டிக்கு அடியில் குனிந்து, பின் அச்சு மூடியில் இருக்கும் போல்ட்டுகளை எண்ணுங்கள். பத்து இருந்தால் அது 8.2 அங்குல கிரவுன் வீல் (அச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) கொண்ட சின்ன அச்சு. சாலைக்குச் சரி, ஒட்டிப் பிடிக்கும் டயரோடு அதில் ஓடவே வேண்டாம். பன்னிரண்டு இருந்தால் கிரவுன் வீல் 8.875 அங்குலம், கையில் நல்ல சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

12-போல்ட்டில் பினியன் (கிரவுன் வீலைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம்), கிரவுன் வீலின் மையக்கோட்டுக்கு ஓரளவு அருகில் அமர்ந்திருக்கும். பல்லின் மேல் பல் வழுக்கும் தூரம் குறைவு, உராய்வில் வீணாகும் சக்தியும் குறைவு. ஃபோர்டின் 9 அங்குல அச்சில் பினியன் நன்றாகக் கீழே இறங்கியிருக்கும். பல்லோடு பல் சேரும் பரப்பு கூடுகிறது. போதாததற்குப் பினியனின் நுனியையும் தனியாக ஒரு பேரிங் தாங்குகிறது. கிளம்பும் அடியில் பினியன் விலகி ஓட இடமே இல்லை. இந்த வலுவுக்கு விலை, சில குதிரைசக்தி உராய்வில் சூடாகப் போவது.

வேலை செய்பவருக்கு இன்னொரு வித்தியாசம் பெரிது. 9 அங்குலத்தில் ஆக்சில்களை (சக்கரங்களுக்குப் போகும் தண்டுகளை) இழுத்துவிட்டால் நடுப்பாகம் முழுவதும் முன்பக்கமாகக் கழன்று வரும். மேசையில் வைத்து நிதானமாகச் செட் செய்யலாம். வேறு விகிதத்தில் இன்னொன்றைத் தயாராக வைத்திருந்து மாற்றவும் செய்யலாம். 12-போல்ட்டில் எல்லா வேலையும் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டுதான்: பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே விடும் தளர்வு) 0.006 முதல் 0.010 அங்குலத்துக்குள் வர வேண்டும், பல்லில் மை தடவிச் சுற்றிப் பார்க்க வேண்டும், தடம் நுனிக்கோ அடிக்கோ ஒதுங்கினால் மறுபடி பிரித்து ஷிம் (மெல்லிய இடைத்தகடு) மாற்ற வேண்டும்.

12-போல்ட்டின் உண்மையான ஆபத்து சி-கிளிப். ஆக்சில் ஷாஃப்ட்டை உள்ளே பிடித்து வைத்திருப்பது அந்தச் சின்ன வளையம் ஒன்றுதான். ஷாஃப்ட் நடுவில் முறிந்தால் சக்கரத்தோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். 9 அங்குலத்தில் ஆக்சிலைப் பேரிங்கும் தகடும் ஹவுசிங்கின் நுனியிலேயே பிடித்திருப்பதால் உள்ளே முறிந்தாலும் சக்கரம் இருந்த இடத்தில் இருக்கும். 10.99 விநாடியோ அதைவிட வேகமாகவோ ஓடினால் தனியாகச் செய்த ஆக்சிலும் அதை வெளியே விடாத பிடிப்பும் கட்டாயம் என்கிறது அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.யின் விதி. சி-கிளிப்பை நீக்கப் போல்ட் போட்டு மாட்டும் கிட் கிடைக்கும். ஆனால் சாலையில் வளைவுகளில் ஓடும் வண்டியில் அதன் சீல் எண்ணெய் கசியவிடும். ஹவுசிங் நுனியை அறுத்து 9 அங்குல நுனியை வெல்டிங் வைப்பதே மேல்.

முடிவு இப்படி: வண்டியில் 12-போல்ட் இருந்தால் அதையே வைத்துக்கொண்டு நல்ல ஆக்சில் போடுங்கள், 11.5 விநாடிக்குத் தாராளம். பத்து போல்ட் என்றால், பழைய 12-போல்ட்டைத் தேடி அலைவதை விட்டுவிட்டு நேராக 9 அங்குலத்துக்குப் போய்விடுங்கள். அதில் பந்தயத்துக்கென்று விற்கும் மென்மையான 9310 எஃகுப் பற்களை மட்டும் வாங்க வேண்டாம். அவை அடி வாங்கினால் முறியாது, ஆனால் சாலை ஓட்டத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும். உங்களுக்கு வேண்டியது வழக்கமான 8620 எஃகு.

பின் அச்சு விகிதம்

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றப் பினியன் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதே இந்த விகிதம். இதில் ஊகத்துக்கு வேலையில்லை. வேகத்தை (மைலில்) விகிதத்தால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயர் உயரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் நிமிடத்துக்கு எஞ்சின் சுற்று கிடைக்கும். கன்வர்ட்டர் வழுக்கலுக்கு 5 சதவீதம் கூட்டுங்கள். 118 மைலில், 28 அங்குல டயரோடு:

3.73 விகிதம்: சுமார் 5,550 சுற்று
4.10 விகிதம்: சுமார் 6,100 சுற்று
4.56 விகிதம்: சுமார் 6,780 சுற்று

எஞ்சின் உச்ச சக்தியைக் கொடுக்கும் சுற்றைச் சற்றே தாண்டியதும் கோடு வர வேண்டும். 5,800-இல் உச்சம் தொடும் எஞ்சினுக்கு 4.10 அச்சாகப் பொருந்துகிறது. 4.56 போட்டால் கிளம்பும்போது துள்ளும், கடைசி நூறு அடியில் மூச்சு வாங்கும். 12-போல்ட் வைத்திருப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 3.08 முதல் 3.73 வரைக்கும் ஒரு கேரியர் (கிரவுன் வீலைத் தாங்கும் கூடு), அதற்கு மேலுள்ள விகிதங்களுக்கு வேறு கேரியர். பல்லை மட்டும் வாங்கி வந்தால் கிரவுன் வீல் பினியனை எட்டாது.

அச்சைப் பலப்படுத்திய கையோடு புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் (கியர்பாக்ஸையும் பின் அச்சையும் இணைக்கும் தண்டு) பாருங்கள். பழைய 1310 யூ-ஜாயின்ட்டின் கப் விட்டம் 1.062 அங்குலம், 1350-இல் 1.188. பின்னால் எதுவும் முறியாத அளவுக்கு வலுவாக்கிவிட்டால் அடுத்து முறிவது இந்த ஜாயின்ட்தான். முன் ஜாயின்ட் முறிந்து ஷாஃப்ட் தரையில் குத்தினால் வண்டியே தூக்கி எறியப்படும். அதனால் முன் ஜாயின்ட்டிலிருந்து 6 அங்குலத்துக்குள் ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் மாட்டுங்கள். விதி கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மூன்று ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்கள், ஒரு மேனுவல்

பவர்கிளைடுக்கு இரண்டே கியர்; வி8 வண்டிகளில் வந்ததன் முதல் கியர் 1.76. டர்போ 350-இல் முதல் கியர் 2.52, டர்போ 400-இல் 2.48. இவற்றைப் பின் அச்சு விகிதத்தோடு பெருக்கினால்தான் விஷயம் புரியும். 4.10 அச்சோடு பவர்கிளைடு தருவது 7.2, டர்போ 400 தருவது 10.2. 3,500 பவுண்டு வண்டியை 450 குதிரைசக்தியோடு நின்ற இடத்திலிருந்து கிளப்ப 10-ஐ ஒட்டி இருப்பது நல்லது. பவர்கிளைடு எடை குறைந்தது, சுழலும் பாகங்கள் குறைவு, ஒவ்வோர் ஓட்டமும் ஒரே மாதிரி வரும். ஆனால் அது லேசான வண்டிக்கு, அல்லது டயரைச் சும்மா சுழற்றிவிடும் அளவுக்குச் சக்தி இருக்கும் வண்டிக்கு. நம் வண்டிக்கு அது தவறான தேர்வு, பந்தயக்காரர்கள் எத்தனை பேர் அதைப் போட்டிருந்தாலும் சரி.

டர்போ 350 எடையும் இழுவையும் குறைந்தது. நல்ல பாகங்களோடு இந்த 450 குதிரைசக்தியைத் தாங்கும். அதன் பலவீனம் இன்டர்மீடியட் ரோலர் கிளட்ச்சும் சன் ஷெல்லும். அதிகச் சுற்றில் முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும் அடியைத் தாங்குபவை இவைதான். டர்போ 400 உள்ளுக்குள் எல்லாமே பெரியது. பின்னாளில் சக்தியைக் கூட்டுகிற எண்ணம் துளியேனும் இருந்தால் இன்றே 400-ஐப் போடுங்கள். பழைய டிரம்மில் இருக்கும், ஒரு திசையில் மட்டும் சுழலவிடும் ரோலரையோ 16 துண்டு ஸ்ப்ராக்கையோ மாற்றி, 34 துண்டு ஸ்ப்ராக் பொருந்தும் டிரம்மைப் போடுவது இதில் முதல் வேலை.

கையால் கியர் போடுவதில்தான் சுகம் என்பவர்களுக்கு மன்சி எம்22 இருக்கிறது. முதல் கியர் 2.20, பற்களின் சாய்வு குறைவு என்பதால் ஒரு முனகல் சத்தம் வரும், கேட்க அழகு. ஆனால் ஒட்டும் டயரில் கிளட்ச்சைச் சட்டென்று விடும் அடி, கியர்பாக்ஸ் தொடங்கி ஆக்சில் வரை எல்லாவற்றையும் தாக்கும். கன்வர்ட்டரில் அந்த அடியை எண்ணெய் வாங்கிக்கொள்கிறது.

கன்வர்ட்டர்

ஸ்டால் சுற்று (வண்டி நின்றிருக்கும்போது கன்வர்ட்டர் எஞ்சினை ஏறவிடும் உச்சச் சுற்று) என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே கன்வர்ட்டரை அதிக முறுக்குவிசை உள்ள எஞ்சினுக்குப் பின்னால் மாட்டினால் ஸ்டால் உயரும், வலுவற்ற எஞ்சினுக்குப் பின்னால் இறங்கும். அதனால் ஆர்டர் கொடுக்கும்போது வண்டி எடை, டயர் உயரம், அச்சு விகிதம், கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) விவரம் எல்லாவற்றையும் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பது உங்கள் வண்டிக்கானது அல்ல.

டர்போ 400-இல் 6,200 சுற்றில் முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறினால், கணக்குப்படி எஞ்சின் 3,700-க்கு விழும். ஸ்டால் 2,400 என்றால் எஞ்சின் அந்தப் பள்ளத்திலிருந்து தானே ஏறி வர வேண்டும். 3,600 முதல் 3,800 வரை ஸ்டால் இருந்தால் அது விழும் இடத்திலேயே கன்வர்ட்டர் ஏந்திக்கொள்ளும். சாலை ஓட்டத்தில் இது நிறையச் சூடாகும். தனி ஆயில் கூலர் இல்லாமல் இதை மாட்டுவது கியர்பாக்ஸைக் கொல்வதற்குச் சமம்.

383-ஆ, 454-ஆ?

இப்போதுதான் எஞ்சின். இந்த எண்கள் கன அங்குலத்தில் எஞ்சினின் கொள்ளளவு. 383 என்பது ஷெவர்லே 350 பிளாக்கின் போரை (சிலிண்டர் விட்டத்தை) 0.030 அங்குலம் கூட்டி 4.030 ஆக்கி, 3.75 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கிராங்க்கைப் போடுவது. 454 என்பது பெரிய பிளாக், 4.25 போர், 4.00 ஸ்ட்ரோக். இரண்டும் வார்ப்பிரும்பாக இருந்தால் எடை வித்தியாசம் ஏறக்குறைய 50 கிலோ, அத்தனையும் முன் சக்கரத்தின் மேல். கிளம்பும்போது எடை பின்னால் சாய வேண்டிய பந்தயத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 454-க்கு முன் ஸ்பிரிங், எஞ்சின் மவுண்ட், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட் ஹெடர் எல்லாம் மாறும். வாங்கும்போது எஞ்சின் விலையை மட்டும் பார்த்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

454-இன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 550 குதிரைசக்தியைச் சாதுவான கேமோடு, சாலையில் முரண்டு பிடிக்காமல் கொடுக்கும். எடை கூடி 3,700 பவுண்டு ஆனாலும் நேரம் 11 விநாடியை ஒட்டி வரும். ஆனால் 11 விநாடியைத் தொடும்போது விதிகளும் இறுகுகின்றன: 11.49-இலிருந்தே ரோல் பார் கட்டாயம், 10.99 என்றால் கிராங்க்கின் அதிர்வைத் தணிக்கும் சான்று பெற்ற டாம்பரும் கியர்பாக்ஸ் கவசமும் வேண்டும். 11.5-ஐ நோக்கிப் போகிறவருக்கு 383 போதும். 11-க்குக் கீழே போவது உறுதி என்றால் மட்டும் 454-ஐத் தொடுங்கள், பின் அச்சுக்கும் அப்போதே பணம் ஒதுக்குங்கள்.

383 கட்டும்போது இரண்டு இடங்களில் கை வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். ஒன்று, நீண்ட ஸ்ட்ரோக்கில் கனெக்டிங் ராடின் போல்ட் தலை பிளாக்கின் கீழ் விளிம்பில் இடிக்கும். அங்கே அரைத்து இடம் கொடுக்க வேண்டும். இரண்டு, அதே போல்ட் கேம்ஷாஃப்ட்டின் மேட்டுக்கு ஆபத்தான நெருக்கத்தில் போகும். டைமிங் செயினை மாட்டி, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, ஒவ்வொரு ராடாக 0.060 அங்குலம் (1.5 மி.மீ.) இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் சரியாக இருந்தது என்று நிறுத்திவிட வேண்டாம்.

கம்ப்ரஷனில்தான், அதாவது கலவையை எத்தனை மடங்கு அழுத்துவது என்பதில்தான், அதிகம் தவறுகிறார்கள். 350-க்குப் பொருந்திய 64 சி.சி. ஹெட்டையும் தட்டைப் பிஸ்டனையும் 383-க்கு அப்படியே போட்டால், 0.040 கேஸ்கெட்டோடு கம்ப்ரஷன் 11-ஐத் தாண்டிவிடும். பங்க் பெட்ரோலில் அது நாக் அடித்து (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து) பிஸ்டனைத் தின்னும். பிஸ்டன் தலையில் 12 சி.சி. குழி இருந்தால் 10.3-க்குள் அடங்கும், அலுமினிய ஹெட்டுக்கு அது பாதுகாப்பான இடம். குறைக்க வேண்டும் என்று தடிமனான கேஸ்கெட் போடாதீர்கள். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே 0.040-ஐ ஒட்டிய நெருக்கம்தான் கலவையை நன்றாக எரியவைக்கிறது. அதைத் திறந்துவிட்டால் கம்ப்ரஷன் குறைந்தும் நாக் அடிக்கும்.

கேம், அதன் மேட்டில் சின்னச் சக்கரம் உருளும் ரோலர் வகையாக இருக்கட்டும். மேட்டில் தட்டையாக உரசும் பிளாட் டாப்பெட் மலிவுதான். ஆனால் முதல் ஸ்டார்ட்டிலேயே 2,000 சுற்றுக்கு மேல் இருபது, முப்பது நிமிடம் ஓட்ட வேண்டும், துத்தநாகம் உள்ள எண்ணெய் வேண்டும். இதில் ஒன்று பிசகினால் மேடு வழித்துப் போய், இரும்புத் தூள் எஞ்சின் முழுக்கப் பரவும். எஃகு ரோலர் கேமுக்கு டிஸ்ட்ரிபியூட்டரின் பழைய இரும்புப் பல்சக்கரம் ஆகாது, கேம் தயாரிப்பாளர் சொல்லும் பல்சக்கரத்தையே போடுங்கள். கார்புரேட்டர், 383-க்கு 750 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று), 454-க்கு 850.

இரண்டும் சேரும் இடம்

கியர்பாக்ஸை எஞ்சினோடு இணைக்கும் நாளில்தான் பாதி எஞ்சின்கள் கெடுகின்றன. முதலில் ஃபிளெக்ஸ்பிளேட் (கிராங்க்கையும் கன்வர்ட்டரையும் இணைக்கும் தகடு). 1985 வரையிலான 350 எஞ்சின் உள்ளுக்குள்ளேயே பேலன்ஸ் ஆனது. 400 கன அங்குல எஞ்சினும் 454-உம் வெளியே எடை வைத்து பேலன்ஸ் ஆனவை. உங்கள் 383-இன் கிராங்க் எந்த வகை என்று லேத் பட்டறையில் எழுதி வாங்குங்கள். வெளி பேலன்ஸ் கிராங்க்குக்கு 350-இன் ஃபிளெக்ஸ்பிளேட்டை மாட்டினால் 4,000 சுற்றில் ஸ்டீயரிங் அதிரும், ஓட்டிக்கொண்டே இருந்தால் மெயின் பேரிங் போய்விடும்.

அடுத்து கன்வர்ட்டர். கியர்பாக்ஸுக்குள் தள்ளிச் சுற்றும்போது இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர், பம்ப் என்று மூன்று தடவை ‘டக்’ என்று உள்ளே இறங்க வேண்டும். இரண்டோடு நின்றால் பம்ப் பல் சேரவில்லை. பெல்ஹவுசிங் போல்ட்டுகளை முறுக்கிய பிறகு கன்வர்ட்டர் கையால் தடையின்றிச் சுற்ற வேண்டும். முழுக்கப் பின்னால் தள்ளி வைத்துப் பார்த்தால், அதற்கும் ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளியே இல்லை என்றால் போல்ட்டை இறுக்கிச் சேர்த்துவிட நினைக்காதீர்கள். கியர்பாக்ஸை மறுபடி இறக்குங்கள். அப்படியே ஓட்டினால் முதலில் பம்ப் உடையும், இல்லையென்றால் கிராங்க்கின் த்ரஸ்ட் பேரிங் தேயும்.