நீல ஃபியூஸ் இருந்த இடத்தில் பச்சை ஃபியூஸ்: 14,500 ரூபாய் கொடுத்து என் வண்டிக்கு நானே தீ வைத்த கதை

வண்டி எரிந்து இன்றோடு ஐந்து நாள். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை. வண்டியில் கூடுதல் விளக்கு, ஹாரன் மாட்டுவதற்காக யாராவது கையில் பணத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

களக்காட்டிலிருந்து திருநெல்வேலி மண்டிக்கு வாழைத்தார் ஏற்றும் சின்னச் சரக்கு வண்டி என்னுடையது. வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. இரவு இரண்டு மணிக்கு மேல்தான் கிளம்புவேன். நாங்குநேரி வரை சாலையில் மாடுகள் படுத்துக் கிடக்கும். கறுப்பு மாடாக இருந்தால் மோதுகிற தூரத்துக்குப் போன பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அதற்காகத்தான் திருநெல்வேலியில் வாகன அலங்காரப் பொருள்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். பெயர் சொல்லப்போவதில்லை. கண்ணாடிக் கதவு, வாசலில் மின்னும் வண்ண விளக்குகள், போனதும் உட்கார நாற்காலி. அந்த மாதிரிக் கடை.

கருப்பட்டிக் காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு 55 வாட் விளக்கு, ஒரு ஜோடி ஹாரன், உள்ளே ஒரு மின்விசிறி, மாட்டுகூலியோடு சேர்த்து 14,500 ரூபாய் என்றார்கள். எனக்கு வயரிங் தெரியாது. ஆனாலும் ஊரில் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்ததால், “ரிலே போடுவீர்களா தம்பி?” என்று கேட்டேன். சுவிட்சிலிருந்து வரும் சிறு மின்சாரத்தால் இயங்கி, விளக்குக்கு வேண்டிய பெரிய மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து நேராகத் திறந்துவிடும் சின்னப் பெட்டிதான் ரிலே. கடைக்காரர் சிரித்தார். “ரிலே இல்லாமல் யாராவது மாட்டுவார்களா அண்ணாச்சி? சொந்த வண்டி மாதிரி பார்த்துச் செய்கிறோம்.” எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இப்போது யோசித்துப் பார்த்தால், அந்த மனிதர் போடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு வாரத்துக்குள் முகப்பு விளக்கின் ஃபியூஸ் இரண்டு முறை போனது. திரும்பக் கடைக்கே போனேன். ஒரு பையன் வந்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, நீல நிற ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் பச்சை நிறத்தில் ஒன்றைச் செருகினான். இரண்டு நிமிட வேலை. “இனிமேல் போகவே போகாது அண்ணாச்சி.” மகிழ்ச்சியில் அவனுக்கு 50 ரூபாய் கொடுத்தேன். அந்த 50 ரூபாயை நினைத்தால் 14,500 ரூபாயைவிட அதிகமாக எரிகிறது.

அவன் சொன்னது உண்மைதான். ஃபியூஸ் போகவில்லை, வயர்தான் போனது. மூன்றடைப்பு தாண்டியபோது பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் வந்தது. சாலையோரம் யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மைத்துனன் இருமிக்கொண்டே எழுந்து, “அத்தான், காலுக்குக் கீழே புகை” என்றான். குதித்து இறங்கினோம். பேட்டரி முனையைக் கழற்ற பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். அது தார்களுக்கு அடியில் எங்கோ கிடந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் தீயணைப்பு உருளையோடு ஓடி வரவில்லை என்றால், எழுதுவதற்கு வண்டி இருந்திருக்காது. அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

வண்டியை இழுத்துக்கொண்டு போய், தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். டேஷ்போர்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவர் சற்று நேரம் பேசவே இல்லை. ரிலே என்ற பொருளே கிடையாது. இரண்டு விளக்குக்கு மட்டும் 110 வாட். 12 வோல்ட்டில் அது 9 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும். அதையும் மின்விசிறியையும், செல்போன் சார்ஜர் வயர் அளவுக்கு மெல்லிய வயரில், வண்டியின் முகப்பு விளக்கு வயரைச் சீவி முறுக்கி, டேப் சுற்றி இணைத்திருக்கிறார்கள். இன்ஜின் சூட்டில் டேப்பின் பசை உருகி வழிந்து கிடக்கிறது. தகட்டில் துளை போட்டு வயரை உள்ளே இழுத்தவர்கள் அந்தத் துளைக்கு ஒரு ரப்பர் வளையம் போடவில்லை. ஓட ஓடத் தகட்டின் விளிம்பு வயரின் தோலை அறுத்திருக்கிறது.

நீல ஃபியூஸ் 15 ஆம்பியர் வரை, பச்சை 30 ஆம்பியர் வரை தாங்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. “ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்ற என்று நினைத்தீர்களா? வயரைக் காப்பாற்றத்தான் அது. அடிக்கடி போகிறது என்றால் வயரிங்கில் கோளாறு என்று அது கத்துகிறது. அதன் வாயை அடைத்துவிட்டார்கள்” என்றார் அவர்.

மறுநாள் கடைக்குப் போனேன். இந்த முறை காப்பி இல்லை. “எலி கடித்திருக்கும் அண்ணாச்சி, வாழைத்தார் ஏற்றுகிற வண்டிதானே” என்றார் அதே மனிதர். கருகிய வயரைக் காட்டினேன். “வண்டியில் ஏற்கெனவே கோளாறு இருந்திருக்கும்.” பச்சை ஃபியூஸைக் காட்டினேன். “வெளியே யாரிடமாவது மாற்றியிருப்பீர்கள்.” மாற்றிய பையன் அங்கேதான் நின்றான்; தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டான். பில் கேட்டார்கள். எனக்குத் தந்தது ‘விளக்கு செட் 14,500’ என்று எழுதிய துண்டுச் சீட்டு. அதில் கடைப் பெயர் கிடையாது, முத்திரை கிடையாது. அடுத்த நாள் தொலைபேசியில், முதலாளி திருச்செந்தூர் போயிருக்கிறார் என்றார்கள். அதற்கடுத்த நாள் மணி அடித்தது, எடுக்க ஆள் இல்லை.

வண்டி நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்திலோ, வயரை வெட்டி ஒட்டியதால் மின்சாரப் பகுதிக்கு இனி வாரண்டி இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். புது வயரிங்குக்கு 11,000 ரூபாய். அன்றைக்கு ஏற்றிய ஏத்தன் தார்கள் மதியம் மண்டிக்குப் போய், கேட்ட விலைக்குத் தள்ளப்பட்டன. அதெல்லாம் போகட்டும், என் 14,500 ரூபாய்க்கு யார் பதில் சொல்வது?

விளக்கு மாட்டுவதைப் படிப்படியாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. ரிலேயைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கூடுதல் விளக்குக்குப் பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே தனி ஃபியூஸ். நீலத்தை எடுத்துப் பச்சை போடுகிறவன் கையைப் பிடியுங்கள். ஸ்பேனரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பில் வாங்குங்கள்.

நல்லவேளையாக 10,000 ரூபாயைச் செல்போன் வழியாக அனுப்பியிருந்தேன், அந்தப் பதிவு இருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன். இன்று மாலை ஏழு மணிக்கு முதலாளி கடைக்கு வருவார் என்று பக்கத்து டீக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். கருகிய வயரைப் பையில் போட்டுவிட்டேன், மைத்துனனும் வருகிறான்.