பழைய டீசல் வேகன்: பாடாங் செராயிலிருந்து ஓர் அனுபவம்

பழைய டீசல் கார் வாங்கலாமா என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் விலைப் பேச்சை எடுப்பதில்லை. நிற்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகிற பயணம் உங்களுக்கு அடிக்கடி வாய்க்குமா என்றுதான் முதலில் கேட்கிறேன். வாய்க்கும் என்றால் மேற்கொண்டு பேசலாம். இல்லையென்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளாக ஒரு பிஎம்டபிள்யூ 330டி டூரிங், அதாவது பின்பகுதி நீண்ட வேகன் வகைக் கார், வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பது அதை ஓட்டி ஓட்டித்தான் எனக்குப் புரிந்தது.

கார் 2010ஆம் ஆண்டு மாடல், இ91 தலைமுறை. இங்கிலாந்தில் வேலை பார்த்துவிட்டுத் தாயகம் திரும்பிய ஒரு மருத்துவர், சொந்தக் காரைக் கொண்டுவருவதற்கான ஏபி அனுமதி பெற்று இறக்கியது. 2021இல் அவரிடமிருந்து வாங்கினேன். மைவி என்ற சிறிய உள்ளூர்க் காரைப் புதிதாக வாங்கக் கொடுப்பதைவிடக் குறைந்த தொகைதான். இத்தனை வயதான காருக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது என்பதால் சேமிப்பையும் கூட்டுச் சீட்டுப் பணத்தையும் சேர்த்து ரொக்கமாகக் கொடுத்தேன். விலை இப்படி விழுவதற்குக் காரணம் உண்டு. எஞ்சின் 2,993 சிசி. தீபகற்ப மலேசியாவில் இதற்கு ஆண்டுச் சாலை வரி மட்டும் 2,112 ரிங்கிட் 50 சென். அதே குடும்பத்து 320டி, 1,995 சிசி என்பதால் 377 ரிங்கிட் 50 சென்னோடு முடிந்துவிடும். இந்தக் கணக்கைக் கேட்டதுமே பாதிப் பேர் பின்வாங்கிவிடுகிறார்கள். அது நியாயம்தான்.

அந்த வரிக்கு ஈடாகக் கிடைப்பது என்ன என்பதை ஈப்போவுக்கு வடக்கே உள்ள மலைப்பகுதியில் பார்க்க வேண்டும். அம்மா பாதிக் காலம் எங்களோடும் பாதிக் காலம் கிள்ளானில் தம்பி வீட்டிலும் இருக்கிறார். அதனால் நாங்கள் வசிக்கும் கெடா மாநிலத்துப் பாடாங் செராய்க்கும் கிள்ளானுக்கும் இடையே வடக்கு - தெற்கு நெடுஞ்சாலையில் அடிக்கடி போய்வர வேண்டியிருக்கிறது. கோலகங்சாரைத் தாண்டியதும் சாலை மேலேறத் தொடங்கும். மெனோரா சுரங்கப்பாதை வரை இடப்பக்கம் முழுக்கச் சரக்கு லோரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். முன்பிருந்த 1.6 லிட்டர் பெட்ரோல் காரில், ஐந்து பேரும் சாமான்களும் இருந்தால் அந்த ஏற்றத்தில் ஏசியை அணைக்கலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கும். இந்தக் காரில் வேகமானிக்குப் பக்கத்திலுள்ள சுற்றுமானி முள் நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்கு அருகில் அசையாமல் நிற்கிறது. கியர் கீழே இறங்குவதில்லை, எஞ்சின் கத்துவதில்லை. வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டர்களும் 1,750 சுற்றிலேயே 520 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை முழுதாகக் கொடுத்துவிடுகின்றன. 245 குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஏறக்குறைய 6 வினாடி என்பவையெல்லாம் தாளில் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் 110 கிலோமீட்டர்தான் உச்ச வரம்பு என்றிருக்கும் நம் நெடுஞ்சாலையில் உண்மையில் பயன்படுவது அந்த முறுக்குவிசைதான். ஒரு லோரி திடீரென வலப்பக்கம் வரும்போதும், பாரத்தோடு மேடேறும்போதும் காலை இலேசாக அழுத்தினால் போதும். பின்னிருக்கையில் அம்மா தூக்கம் கலையாமல் வருவார்.

எரிபொருள் செலவு விஷயத்தில் 2021இல் நான் போட்ட கணக்கு இன்று செல்லாது. அன்று சாதாரண டீசல் லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென், பயோடீசல் கலப்பு குறைந்த யூரோ 5 பி7 டீசல் 2 ரிங்கிட் 35 சென். நெடுஞ்சாலையில் இந்தக் கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தருகிறது. கிள்ளான் போய்த் திரும்ப ஏறத்தாழ 750 கிலோமீட்டர். டேங்கை ஒருமுறை நிரப்பினால் இரண்டு வழிக்கும் போதும், பி7 டீசலுக்குச் செலவு 126 ரிங்கிட் அளவில் நின்றது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் மானியம் சீரமைக்கப்பட்டு விலை 3 ரிங்கிட் 35 சென்னானது, பி7 அதைவிட 20 சென் கூடுதல். அதே பயணத்துக்கு 190 ரிங்கிட்டுக்கு மேல் போயிற்று. அதன் பிறகு விலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல், மாத அளவுக்குள், 1 ரிங்கிட் 99 சென்னுக்குக் கிடைக்கிறது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் மட்டுமே தரும் ஒரு 2.0 லிட்டர் பெட்ரோல் கார்கூட இதே தூரத்தை 125 ரிங்கிட்டுக்குள் ஓடிவிடும். ஆகவே டீசல் மலிவு என்ற ஒரே காரணத்துக்காக இனி யாரும் இந்த வகைக் காரைத் தேட வேண்டாம். ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாதவர்களுக்கு அரசின் புடி மடானி டீசல் உதவித்தொகை உண்டு, 2024இல் தொடங்கியபோது மாதம் 200 ரிங்கிட். சொகுசுக் காராக இருந்தாலும் பத்து வயதைக் கடந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். எங்கள் வீட்டில் கூடுதல் டீசல் செலவு அதில்தான் சரிக்கட்டப்படுகிறது.

இனி, இந்தக் காரின் உயிர்நிலை. டிபிஎஃப் எனப்படும் கரித்துகள் வடிகட்டி புகைக்குழாயில் இருக்கிறது. டீசல் எரியும்போது வரும் கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது ஓரளவு நிரம்பியதும் எஞ்சின் தானாகவே கூடுதல் டீசலைப் பீய்ச்சி, வடிகட்டியின் சூட்டை 600 டிகிரிக்கு அருகில் கொண்டுபோய்க் கரியை எரித்துத் தீர்க்கும். இதற்குச் சீரான வேகமும் நேரமும் வேண்டும். எஞ்சின் தண்ணீரின் சூடும் குறைந்தது 75 டிகிரியாவது இருக்க வேண்டும். வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து பள்ளி என்று பத்து நிமிட ஓட்டமாகவே ஓட்டினால், எரிப்பு தொடங்கும், பாதியில் அணையும், மறுபடி தொடங்கும். எரியாத டீசல் எஞ்சின் எண்ணெயில் போய்க் கலக்கும். எங்களைப் போன்ற தோட்டப்புற ஊர்களில் வேலை, கோவில், மருந்தகம் எல்லாம் பக்கத்திலேயே இருப்பதால் டீசல் காருக்கு இந்த ஆபத்து அதிகம். நான் குலிம் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறேன். கார் நீண்ட பயணத்துக்கு மட்டும்.

அப்படியும் ஒருமுறை மாட்டிக்கொள்ள நேர்ந்தது. அம்மாவுக்கு உடல்நலம் குன்றி எங்களோடு தங்கியிருந்த மாதங்களில் கிள்ளான் பயணம் நின்றுபோனது. வீட்டுக்கும் மருத்துவமனைக்குமான குறுகிய ஓட்டம் மட்டுமே. எஞ்சின் எண்ணெயின் அளவைச் சோதித்தால் அது மேல்வரம்பைத் தாண்டி நின்றது, முகர்ந்தால் டீசல் வாடை. சில நாளில் எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. பிறை ஊரில் ஐரோப்பிய டீசல் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கணினியைப் பொருத்தி, வடிகட்டியின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தையும் எஞ்சின் சூட்டையும் படித்துக் காட்டினார். ஓட்டத்திலும் சூடு 70 டிகிரியைத் தாண்டவில்லை. எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வயதாகித் திறந்தபடியே நின்றுவிட்டிருந்தது. கொதிக்கும் நம் ஊர் வெயிலில் எஞ்சின் சூடு போதவில்லை என்பது யாருக்கும் தோன்றாது. முகப்புப் பலகையும் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. தெர்மோஸ்டாட்டையும் எண்ணெயையும் மாற்றி, நெடுஞ்சாலையில் தைப்பிங் வரை சீராக ஓட்டித் திரும்பினேன். விளக்கு அணைந்தது. வடிகட்டியைக் கழற்றி உள்ளிருப்பதை உடைத்து எடுத்துவிட்டால் தொல்லையே இல்லை என்று யோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கரியைப் பிறகு சுவாசிக்கப் போவது நம் தெருப் பிள்ளைகள். நான் அதற்கு உடன்பட மாட்டேன்.

டீசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து நாடெங்கும் விற்பது யூரோ 5 டீசல் என்பதால் கந்தகப் பயம் போய்விட்டது. மிஞ்சியிருப்பது செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் பயோடீசலின் அளவு. பி10 என்றால் அது 10 சதவீதம், பி7 என்றால் 7. ஐரோப்பியத் தரமான இஎன் 590 ஏழு சதவீதம் வரைதான் அனுமதிக்கிறது. பயோடீசலின் கொதிநிலை அதிகம். கரியை எரிக்கப் பீய்ச்சும்போது எஞ்சின் எண்ணெயில் இறங்கிவிட்டால், சாதாரண டீசலைப் போல அது ஆவியாகி வெளியேறாது. செம்பனையை நம்பிப் பிழைக்கும் ஊரில் பிறந்தவன் என்பதால் பயோடீசல் மீது எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை; நம் எண்ணெய்க்கு ஒரு சந்தை இருப்பது நல்லதுதான். ஆனாலும் இந்த எஞ்சினுக்கு பி7 மட்டுமே ஊற்றுகிறேன். எல்லா நிலையங்களிலும் அது கிடைக்காது. தோட்டப்புறச் சிறிய நிலையங்களில் பி10 மட்டும் இருக்கும். எஞ்சின் எண்ணெயும் சாம்பல் குறைந்த, பிஎம்டபிள்யூவின் எல்எல்-04 தரமாக இருக்க வேண்டும். அதைப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். கியர்பாக்ஸ் எண்ணெயை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அதைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவற்றில், இங்கிலாந்திலிருந்து வந்த கார் என்றால் ஒரு பெரிய வசதி உண்டு. அந்நாட்டில் கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி தகுதிச் சோதனையின் விவரங்கள் 2005இலிருந்து இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. பழைய பதிவு எண்ணைத் தட்டினால் எந்தத் தேதியில் எத்தனை மைல் ஓடியிருந்தது, என்ன குறை எழுதினார்கள் என்பது தெரியும். உடைமை மாற்றத்துக்குப் புஸ்பாக்கோம் போன்ற வாகனச் சோதனை நிலையத்தின் சோதனை வேண்டும்தான், ஆனால் அது காரின் அடையாளத்தையும் பாதுகாப்பையும் பார்ப்பது. எஞ்சினின் உடல்நிலையை அது சொல்லாது. அதற்குக் கணினியோடு வரும் ஒரு நல்ல மெக்கானிக் வேண்டும். கடைசியாகக் கரி எரிந்து எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று, டீசலைப் பீய்ச்சும் ஒவ்வோர் இன்ஜெக்டரும் அளவில் எவ்வளவு திருத்தம் கேட்கிறது என்பதைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் எஞ்சினுக்கு அனுப்பும் ஈஜிஆர் கூலரில் கசிவு காரணமாகத் தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதாக 2018இல் தென்கொரியாவில் தொடங்கி உலகெங்கும் சுமார் 16 லட்சம் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நீங்கள் பார்க்கும் கார் அதில் அடங்குமா, வேலை முடிந்ததா என்று அடிச்சட்ட எண்ணைக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். இந்த என்57 எஞ்சினின் டைமிங் சங்கிலி பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினை முடுக்கும்போது அங்கிருந்து உரசல் சத்தம் வந்தால், பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுவது நல்லது. சங்கிலியின் விலையைவிட அதை எட்டும் கூலி பெரிது.

வேகனாக இதன் அருமை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் சக்கர நாற்காலி மடக்காமலேயே போய்விடுகிறது, பின்னிருக்கையைச் சாய்த்தால். திருவிழா நாளில் அரிசி மூட்டையும் அண்டாவும் ஒரே நடையில் கோவிலுக்குப் போகின்றன. பின்கதவின் கண்ணாடி மட்டும் தனியே திறக்கும். மழை கொட்டும்போது பூமாலைக் கூடையை அந்த வழியாக உள்ளே நீட்டிவிட்டு மூடிவிடலாம். கதவு திறந்து மூடும் இடத்தில் ஓடும் ஒயர்கள் வயதானால் விரிசல் விடும், அதையும் வாங்கும்போது பாருங்கள். கூரைக் கண்ணாடிக்கு நான்கு மூலைகளிலும் நீர் வடியும் மெல்லிய குழாய்கள் உண்டு. மாமரத்தடியில் நிற்கும் கார் என்பதால் பூவும் சருகும் அவற்றை அடைத்து, ஒரு பெருமழையில் மேல்விளக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. காற்றை அழுத்தி அடித்தால் குழாய் உள்ளே கழன்றுகொள்ளும். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நரம்பை மெதுவாக உள்ளே செலுத்தி எடுத்தேன். தோட்டத்தில் அதற்கா பஞ்சம்?

தரைக்கும் காருக்கும் இடைவெளி குறைவு. தோட்டத்துச் செம்மண் பாதையில் மழைக்குப் பிறகு இறக்க மாட்டேன். இதில் மாற்றுச் சக்கரம் இல்லை, காற்றில்லாமலும் ஓடும் டயர்கள்தான் வந்தன. அவை குழியில் எலும்பை உலுக்குவதால் சாதாரண டயருக்கு மாறி, பம்பும் பஞ்சர் மருந்தும் வைத்திருக்கிறேன்.

அண்மையில் பக்கத்துத் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒருவர், மகன் இப்படி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான், என்ன சொல்கிறீர்கள் தம்பி என்று கேட்டார். பையனுக்கு வேலை குலிமில், வீடு பாடாங் செராயில், வெளியூர்ப் பயணம் தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் மட்டும். வேண்டாம் அண்ணே, அதே பணத்தில் நல்ல பெட்ரோல் கார் எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். பெரியவருக்கு நிம்மதி, பையனுக்கு முகம் வாடிப்போனது. அவனை அடுத்த கிள்ளான் பயணத்தில் கூட்டிப்போய் மெனோரா ஏற்றத்தில் ஓட்டக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். வாங்க வேண்டிய காலம் வரும்போது எதற்காக வாங்குகிறோம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

என் காருக்கு ஆண்டுதோறும் வரி, காப்புறுதி போக 5,000 ரிங்கிட் ஒதுக்குகிறேன். ஒரு வருடம் மிஞ்சினால் அடுத்த வருடத்துக்கு அப்படியே விட்டுவைப்பேன். இந்த ஆண்டு முன்பக்க சஸ்பென்ஷன் புஷ்களும் கியர்பாக்ஸ் எண்ணெயும் மாற்ற வேண்டியிருக்கிறது. அந்த கியர்பாக்ஸின் அடித்தட்டும் வடிகட்டியும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். பிறை அண்ணன் ஆர்டர் கொடுத்துவிட்டார்.