கல்வெட்டா, கல்யாண வீடா: ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை

எட்டு வருஷம் முன்புவரை பேராவூரணிப் பக்கம் ஒரு விசேஷம் என்றால் நான் அங்கே இருப்பேன். பந்தி விசாரிப்பேன், மொய் எழுதுவேன். பிறகு கல்வெட்டு வாசிக்கப் பழகத் தொடங்கினேன். இரண்டுக்கும் கிடைப்பது அதே ஞாயிற்றுக்கிழமைதான். நான் கல்வெட்டின் பக்கம் போய்விட்டேன்.

நாலு பேர் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில் உள்ள சந்தோஷம் பெரியது, மறுக்க மாட்டேன். செலவைப் பார்த்தால் கல்வெட்டுக்குத் தஞ்சாவூர் பஸ் கட்டணம் போதும். இவற்றை வைத்து நான் முடிவு செய்யவில்லை. முடிவு செய்தது பராமரிப்பு: கொஞ்ச காலம் விட்டுவிட்டால் எது நிற்கும், எது நிற்காது என்பது.

எங்கள் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். வந்த பணம் நோட்டில் ஏறும். பணம் தந்தவர் வீட்டு விருந்தில் கூடுதலாகத் திருப்பிச் செய்யவேண்டும். செல்வாக்கும் அப்படித்தான். போய் நின்றால்தான் நிற்கும். அம்மா படுக்கையில் இருந்த ஒரு வருஷம் நான் எங்கும் போகவில்லை. அதற்குள் மொய் எழுத வேறு ஆள் வந்துவிட்டார். யாரையும் குறை சொல்ல முடியாது, வேலை நடக்கவேண்டுமே.

அதே ஒரு வருஷம் கல்வெட்டையும் தொடவில்லை. திரும்பிப் போனபோது முதல் நாள் தடுமாறினேன். பழைய கல்வெட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும், துணைக்காலையும் (‘கா’வில் வரும் ‘ா’) ரகரத்தையும் இடம் பார்த்துத்தான் பிரிக்கவேண்டும். ஆனால் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ தாண்டி ‘திருமகள் போல’ என்று ராஜராஜனின் மெய்க்கீர்த்தி, அதாவது அவன் புகழைச் சொல்லும் முன்னுரை, தொடங்கியதும் கண் தானாக ஓடியது. மூன்றாவது வாரம் பழைய வேகம் வந்துவிட்டது. பெரிய கோயில் கல்வெட்டில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட ஆடல் மகளிரின், பெயர்கள் இருக்கின்றன. தெருவின் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதுவரை வெட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல். ‘நக்கன்’, ‘நக்கன்’ என்று தொடங்கும் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கும்போது ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு தெருவில் நடப்பதுபோல இருக்கும். நான் ஒரு வருஷம் வராததால் அதில் எதுவும் குறைந்துவிடவில்லை.

சரி, எல்லாருக்கும் இது பொருந்துமா? என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. என் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை; அந்தப் பந்தலில் எத்தனை பேர் வந்து நிற்பார்கள் என்று பார்த்தால்தான் இந்தத் தேர்வின் முழுக் கணக்கு தெரியும். இன்னொன்றையும் சொல்லவேண்டும். அம்மாவுக்கு நள்ளிரவில் ரத்தம் தேவைப்பட்டபோது ஓடி வந்த இரண்டு பேரும் பந்தியில் என்னோடு இலை போட்டவர்கள். கல்வெட்டு வாசிக்கும் நண்பர்களுக்குத் தகவலே மறுநாள்தான் போனது.

அதனால் மொய் நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் பத்து வீடுகளுக்குக் கோடு போட்டிருக்கிறேன். அந்த வீடுகளில் விசேஷம் என்றால் அன்றைக்குத் தஞ்சாவூர் போவதில்லை.