ரெட்ரோ கேம் பெட்டி ஹேங் ஆனால் "போர்டு போச்சு" என்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

ராஸ்பெர்ரி பை 4 என்ற கையகலக் கம்ப்யூட்டர் போர்டு (4 ஜிபி ராம்), பழைய நின்டெண்டோ மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டி, இரண்டு யூஎஸ்பி கன்ட்ரோலர், "128 ஜிபி கார்டு, 10,000 கேம்". ஆன்லைனில் 11,500 ரூபாய்க்கு வாங்கியது. மூன்றாம் நாளே ஹேங் ஆக ஆரம்பித்தது. ஆடிக்கொண்டிருக்கும்போதே படம் அப்படியே நின்றுவிடும். சத்தம் மட்டும் கடைசி அரை நொடியைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டே இருக்கும். சார்ஜரைப் பிடுங்கினால்தான் அடங்கும். இரண்டாம் வாரம் பூட்டே ஆகவில்லை, அதாவது ஆன் செய்தாலும் சிஸ்டம் தொடங்கவில்லை. விற்றவர் சொன்ன பதில்: "போர்டு போயிருக்கு, வாரன்டியில வராது, மாத்த 4,800 ரூபாய் ஆகும்."

போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டியைப் பிரித்துப் பார்த்ததில் கோளாறு மூன்று இடத்தில் இருந்தது. மூன்றும் விற்கும்போதே உள்ளே இருந்தவை. போதாததற்கு, அதில் ஒன்று வாங்குபவர் கண்ணில் படாதபடி வேண்டுமென்றே மறைக்கப்பட்டிருந்தது. இதே மாதிரி பெட்டிகள் இன்னும் விற்றுக்கொண்டிருப்பதால் விவரமாக எழுதுகிறோம்.

முதலில் கரன்ட். கூட வந்த சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தது. சாதாரண போன் சார்ஜர். அதிலிருந்து ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு மெல்லிய கேபிள், நடுவில் ஆன்-ஆஃப் சுவிட்ச். பை 4-க்குப் பரிந்துரைக்கப்படுவது 5.1 வோல்ட், 3 ஆம்பியர். அந்த 0.1 வோல்ட் வீணுக்கு இல்லை, கேபிளில் இழக்கப்படுவதை ஈடுகட்டத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கேபிளும் சுவிட்சும் சேர்ந்து 0.3 ஓம் தடை என்றால், 1.5 ஆம்பியர் ஓடும்போது 0.45 வோல்ட் வழியிலேயே போய்விடும். 5 வோல்ட்டில் புறப்பட்டது போர்டில் 4.55-ஆகத்தான் வந்து சேரும். ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனாலே பை அதைக் குறைந்த வோல்டேஜ் என்று குறித்துக்கொள்ளும், வேகத்தையும் குறைக்கும். மெனுவில் சும்மா இருக்கும்போது தெரியாது. கனமான கேம் ஓடும்போதுதான் இழுவை கூடி விழும்.

இப்படி வோல்டேஜ் விழுந்தால் திரையின் வலது மேல் மூலையில் மஞ்சள் மின்னல் குறி வர வேண்டும். இந்தப் பெட்டியில் ஒரு தடவைகூட வரவில்லை. ஏன் என்று கார்டின் பூட் பகுதியில் உள்ள கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. 'அவாய்டு_வார்னிங்ஸ்=1' என்று ஒரு வரி. மின்னல் குறியைத் திரையில் காட்டாதே என்பதுதான் அதன் அர்த்தம். அந்த வரி தானாக வராது, யாராவது எழுதினால்தான் வரும். சார்ஜர் போதவில்லை என்று தெரிந்தே விற்றிருக்கிறார்கள்.

நீங்களும் பார்க்கலாம். பெட்டியை அணைத்து, கார்டைக் கழற்றி, விண்டோஸ் கம்ப்யூட்டரில் போடுங்கள். "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும், கேன்சல் கொடுங்கள். பெட்டி ஓடுவது லினக்ஸில், விண்டோஸ் அந்தப் பகுதியைப் படிக்கத் தெரியாமல் கேட்பது அது. சிறிய பூட் பகுதி மட்டும் திறக்கும், அதில் கான்ஃபிக் ஃபைல் இருக்கும். நோட்பேடில் திறந்து அந்த வரியின் முன்னால் # போட்டுச் சேமித்தால் குறி மறுபடி வரும்.

குறியை மறைத்தாலும் போர்டு கணக்கு வைத்திருக்கும். கேம் ஆடி முடித்த கையோடு, பெட்டியை அணைக்காமல், கீபோர்டைச் செருகி எஃப்4 அழுத்தி டெர்மினலுக்கு (கட்டளை டைப் செய்யும் திரைக்கு) போங்கள். வி.சி.ஜென்.சி.எம்.டி. கட்டளையோடு கெட்_த்ராட்டில்டு சேர்த்து ஓட்டினால் ஒரு எண் வரும். வெறும் 0 என்றால் கரன்ட் பிரச்சினை இல்லை. 50000 என்றால் பெட்டியைப் போட்டதிலிருந்து எப்போதோ வோல்டேஜ் விழுந்திருக்கிறது. 50005 என்றால் இந்த நிமிடமும் குறைவாகத்தான் இருக்கிறது. பூட் நிற்பதற்கு முன் எங்களுக்கு வந்தது 50005. ரீஸ்டார்ட் செய்தால் இந்தப் பதிவு அழிந்துவிடும், அதனால் முதலில் போட்டோ எடுத்துவிடுங்கள். போர்டில் உள்ள சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலும் வோல்டேஜ் விழுகிறது என்றுதான் பொருள்.

"33 வாட் ஃபாஸ்ட் சார்ஜர் போடுங்க, சரியாகிடும்" என்று பலர் சொல்வார்கள். ஆகாது. அந்த வாட் எல்லாம் போனோடு பேசி வோல்டேஜை ஏற்றிய பிறகு வருவது. பை 4 அப்படிப் பேசாது, 5 வோல்ட்டை மட்டும்தான் வாங்கும். ஆகவே சார்ஜரில் 5 வோல்ட் வரிக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பை 4-இன் ஆரம்பகால போர்டுகளில் டைப்-சி போர்ட்டின் வடிவமைப்பில் ஒரு பிழை இருந்தது. அவற்றோடு லேப்டாப்புக்கு வரும் சில தடித்த கேபிள்களைச் செருகினால் சார்ஜர் கரன்ட்டே விடாது. கேபிளை மாற்றிப் பார்க்காமல் போர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

இரண்டாவது, ஓவர்கிளாக், அதாவது சிப்பை இயல்பைவிட வேகமாக ஓட்டுவது. அதே ஃபைலில் 'ஆர்ம்_ஃப்ரீக்=2000', 'ஓவர்_வோல்டேஜ்=6'. பை 4 அறிமுகமானபோது அதன் இயல்பான வேகம் 1500 மெகாஹெர்ட்ஸ். விற்கும் வீடியோவில் கேம் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதற்காக 2000-க்கு ஏற்றியிருக்கிறார்கள். நல்ல சார்ஜரும் நல்ல குளிர்விப்பும் இருந்தால் பல போர்டுகள் தாங்கும். இந்தப் பெட்டியைக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம். திறந்து பார்த்தால் சூட்டை வெளியேற்றும் அலுமினியத் துண்டான ஹீட் சிங்க், சிப் மேல் இல்லாமல் ஒரு ஓரத்தில் உருண்டு கிடந்தது. அதன் அடியில் ஒட்டும் டேப்பை மூடிய நீலத் தாளைக்கூட உரிக்கவில்லை. அது பின்களின் மேல் விழுந்து ஷார்ட் ஆகியிருந்தால் போர்டு உண்மையாகவே போயிருக்கும்.

சூடு மட்டும் இருந்தால் பை பெரும்பாலும் ஹேங் ஆவதில்லை. 80 டிகிரியில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கேம் திணறும், அவ்வளவுதான். குறைந்த வோல்டேஜும் ஏற்றிய வேகமும் ஒன்று சேரும்போதுதான் படம் நின்று சத்தம் இழுக்கும். எனவே முதல் சோதனையாக அந்த இரண்டு ஓவர்கிளாக் வரிகளையும் # போட்டு முடக்குங்கள்.

மூன்றாவது, கார்டு. இதுதான் பச்சை மோசடி. 128 ஜிபி என்று அச்சடித்த கார்டில் உண்மையில் 30 ஜிபிகூட இல்லை. கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப்பில் பொய்யான அளவை எழுதிவிடுவார்கள், கம்ப்யூட்டர் அதை நம்பி 128 என்று காட்டும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு எழுதுவதெல்லாம் காணாமல் போகும், அல்லது ஏற்கெனவே இருப்பதன் மேலேயே விழும். பட்டியலில் கேம் பெயர் அழகாக இருக்கும். திறந்தால் ஒரு நொடி கறுப்புத் திரை, மறுபடி மெனு. சேவ் ஃபைல் எழுத எழுத ஒருநாள் சிஸ்டம் ஃபைலே சிதைந்து பூட் நின்றுவிடும்.

சோதிக்க லினக்ஸில் எஃப்3 என்ற மென்பொருள், விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, இரண்டும் இலவசம். கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்து, எவ்வளவு நிஜம் என்று சொல்லிவிடும். நொடிக்கு 20 எம்பி எழுதும் கார்டென்றால் 128 ஜிபிக்கு எழுத மட்டுமே ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். போலி கார்டில் இந்தச் சோதனை உள்ளே இருப்பதை அழித்துவிடக்கூடும். அதனால் கார்டு, பெட்டி, கான்ஃபிக் ஃபைல் எல்லாவற்றையும் முதலில் படம் பிடியுங்கள், கார்டின் முழு நகலை இமேஜாக எடுத்து வையுங்கள். புகாருக்கு அதுதான் சாட்சி.

எல்லா கிராஷும் ஹார்டுவேர் கோளாறு இல்லை. கேம் மட்டும் மூடி மெனுவுக்கு வந்தால் அது பெரும்பாலும் ஃபைல் விவகாரம். ஆர்கேட் கேம்களில் இது சகஜம்: மேம் 2003 எமுலேட்டருக்கு (பழைய கேம் மெஷினைப் போல நடித்து கேமை ஓட்டும் மென்பொருளுக்கு) 0.78 தொகுப்பின் ரோம் ஃபைல்கள், அதாவது கேம் ஃபைல்கள்தான் பொருந்தும், நியோ ஜியோ மெஷின் கேம்களுக்கு அந்த மெஷினின் தொடக்க மென்பொருளான பயாஸ் ஃபைல் தனியாக வேண்டும். பத்தாயிரம் கேம் என்று கொட்டித் தருபவர்கள் இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. (எஸ்னெஸ்9எக்ஸ், எஃப்.பி.நியோ போன்ற எமுலேட்டர்களின் உரிமம் வணிக விற்பனையை அனுமதிப்பதும் இல்லை.) படம் நின்ற பிறகும் கீபோர்டின் கேப்ஸ் லாக் விளக்கு மாறினால் சிஸ்டம் உயிரோடு இருக்கிறது, எமுலேட்டர்தான் மாட்டிக்கொண்டது.

பூட்டே ஆகாவிட்டால் பச்சை விளக்கை எண்ணுங்கள். 4 தடவை சிமிட்டினால் கார்டில் ஆரம்ப ஃபைல் இல்லை, 7 என்றால் சிஸ்டத்தின் மையமான கர்னல் ஃபைல் இல்லை. இரண்டுமே கார்டின் குறை. 8 என்றால் போர்டின் ராம், அப்போது மட்டும் "போர்டு போச்சு" என்பதைக் காது கொடுத்துக் கேட்கலாம். எங்கள் பெட்டி சிமிட்டியது 4.

நம்பகமான கடையில் வாங்கிய 32 ஜிபி கார்டில், ராஸ்பெர்ரி பை இமேஜர் மூலம் ரெட்ரோபை என்ற கேம் மென்பொருளைப் புதிதாக ஏற்றி, 5.1 வோல்ட் 3 ஆம்பியர் சார்ஜர் போட்டு, ஹீட் சிங்க்கை ஒழுங்காக ஒட்டி, ஓவர்கிளாக் இல்லாமல் அதே போர்டை ஆறு மணி நேரம் ஓட்டினோம். ஒருமுறைகூட நிற்கவில்லை. கெட்_த்ராட்டில்டு எண் கடைசிவரை 0.

இந்த முடிவுகளை எழுத்தில் அனுப்பியதும் விற்றவர் பதில் தருவதை நிறுத்திவிட்டார். இந்தியாவில் இருப்பவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. பில், பேசிய சாட், போலி கார்டின் சோதனை முடிவு, மின்னல் குறியை மறைத்த அந்த ஒரு வரியின் படம், இவ்வளவும் கையில் இருக்கட்டும். கார்டை மட்டும் "செக் பண்ணித் தர்றோம்" என்று கேட்டால் அனுப்பிவிடாதீர்கள்.