ப்ளூ-ரேயே போதுமா, 4கே வட்டுக்குக் காத்திருக்கலாமா?

1959ஆம் ஆண்டின் 'பென்-ஹர்' போன்ற ஒரு வரலாற்றுக் காவியம், ப்ளூ-ரேயைவிடக் கூர்மையான படத்தைத் தரும் 4கே வட்டாக வருகிறது என்றால், அலமாரியில் இருக்கும் ப்ளூ-ரே வட்டு போதாதா என்று பலரும் கேட்பார்கள். எனக்குப் போதாது. காரணம், அந்தப் படத்தின் அகலம்.

65 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்ட அதன் திரை விகிதம் 2.76:1, அதாவது உயரத்தைப் போல 2.76 மடங்கு அகலம். ப்ளூ-ரேயில் மேலிருந்து கீழ்வரை இருப்பதே 1,080 படப்புள்ளி வரிகள். மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் தின்றது போக, படத்துக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 695. 4கே வட்டிலோ சுமார் 1,390 வரிகள் கிடைக்கும். தேர்ப்பந்தயத்தில் இதன் அருமை தெரியும்: அரங்கின் மறுகோடியில் வெறும் புள்ளிகளாக மங்கிய கூட்டம் தனித்தனி மனிதர்களாகப் பிரியும், குளம்படியில் தெறிக்கும் மணல் புகைமூட்டமாகக் கரையாமல் மணலாகவே நிற்கும்.

ஒலியில் பெரிய வேறுபாட்டை நான் எதிர்பார்க்கவில்லை. சுருக்கும்போது எதையும் இழக்காத ஒலித்தடம் ப்ளூ-ரேயிலேயே சாத்தியம். செலவிலும் பழையதே மேல்: சாதாரண ப்ளூ-ரே கருவியில் 4கே வட்டு ஓடாது, புதிய கருவி வாங்க வேண்டும். சிறிய திரையில் தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்தச் செலவு வீண்.

என் கவலை வேறு. படச்சுருளில் இயல்பாகவே தெரியும் நுண்துகள்களை வட்டு தயாரிப்பவர்கள் 'அழுக்கு' என்று எண்ணித் துடைத்துவிட்டால், முகங்கள் மெழுகு பொம்மைகளாகிவிடும். அப்படி வரும் 4கேயைவிட நல்ல ப்ளூ-ரே எவ்வளவோ மேல். அதனால் புது வட்டு கைக்கு வந்ததும், தேர்ப்பந்தயத்தைப் பார்ப்பதற்கு முன்பாக, முகம் தெரியும் ஒரு நெருக்கக் காட்சியை நிறுத்தி, கன்னத்தின் தோலைத்தான் பார்ப்பேன்.