கோபத்துக்கு எத்தனை ஆங்கிலச் சொல்: புதுச்சேரி ஞாயிறு வகுப்பு ஒன்றைப் பற்றி

புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய ஒரு சிறு விடுதியில் விருந்தினர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. சென்ற கோடையில் ஒருவர், கடல் பார்த்த அறைக்குப் பணம் கட்டியிருந்தும் தமக்குப் பின்கட்டு அறையே கிடைத்ததாக எழுதியிருந்தார். தவறு முழுக்க எங்களுடையது. அவருக்கு ஏற்பட்ட ‘இரிட்டேஷனுக்கு’ வருந்துவதாக ஆங்கிலத்தில் பணிவோடு பதில் அனுப்பினேன். அதற்கு அவர் அனுப்பிய மறுகடிதம் முதல் கடிதத்தைவிட மூன்று மடங்கு நீளமாகவும் பல மடங்கு சூடாகவும் இருந்தது. எரிச்சலுக்கு அகராதியில் உள்ள சொல்லைத்தானே எழுதினோம், இதில் என்ன குற்றம் என்று புரியாமல்தான் காந்தி வீதியில் ஒரு மாடியில் நடக்கும் ஆங்கிலக் கடித வகுப்பில் சேர்ந்தேன். எட்டு ஞாயிற்றுக்கிழமைகள், நாளுக்கு இரண்டு மணி நேரம், கட்டணம் 2,400 ரூபாய். அதில் இரண்டு வாரம் கோபத்தைக் குறிக்கும் சொற்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. இந்த மதிப்புரையும் பெரும்பாலும் அந்த இரண்டு வாரங்களைப் பற்றியதே.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிறு சந்தை கூடும் வீதி என்பதால் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது. சட்டை விலை கூவுவதைக் கேட்டுக்கொண்டேதான் இலக்கணம் படிக்க வேண்டும்.

முதல் நாளே ஒரு அச்சுத்தாள் கொடுத்தார்கள். அதில் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி ஒன்றை வரைந்து, அடியில் ‘அனாய்ட்’, நடுவில் ‘ஆங்க்ரி’, அதற்கு மேல் ‘ஃப்யூரியஸ்’, உச்சியில் ‘லிவிட்’ என்று பன்னிரண்டு சொற்களை வரிசையாக ஏற்றியிருந்தார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, மனத்திலும் எளிதில் பதிகிறது, ஆனால் பாதிதான் உண்மை. இந்த நான்கு சொற்களுக்கும் சூட்டின் அளவே வேறுபாடு என்பது சரி. ஆனால் ‘இன்டிக்னன்ட்’, ‘ரிசென்ட்ஃபுல்’, ‘எக்ஸாஸ்பரேட்டட்’ ஆகிய சொற்களையும் அதே கண்ணாடிக் குழாய்க்குள் திணித்திருப்பது, புளிப்பையும் துவர்ப்பையும் காரத்தின் அளவுகளாகக் காட்டுவது போன்றது. என்னைப் போல் விடுதியிலும் மருத்துவமனை வரவேற்பறையிலும் வேலை பார்ப்பவர்கள் அந்தத் தாளை மட்டும் நம்பிக் கடிதம் எழுதினால், எனக்கு நேர்ந்ததே அவர்களுக்கும் நேரும்.

நல்லவேளையாக, தாளைத் தயாரித்தவர் ஒருவர், வகுப்பெடுத்தவர் வேறொருவர். பணி ஓய்வு பெற்ற அந்த ஆசிரியர் வெப்பமானியை ஒருமுறை பார்த்துவிட்டு மடித்து வைத்தார். பிறகு ஒவ்வொரு சொல்லிடமும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கச் சொன்னார்: கோபப்படுகிறவர் பக்கம் நியாயம் இருப்பதாக இந்தச் சொல் ஒப்புக்கொள்கிறதா? ‘இரிட்டேட்டட்’ ஒப்புக்கொள்வதில்லை. ஈ மொய்த்தாலும், பக்கத்து அறையில் கதவு அடித்துக்கொண்டாலும் வருவது அது. தோல் அரித்துச் சிவந்தால் மருத்துவரும் அந்தச் சொல்லையே சொல்வார். குறை பெரிதில்லை, உங்கள் நரம்புதான் மெல்லியது என்ற குத்தல் அதில் ஒளிந்திருக்கிறது. ‘இன்டிக்னன்ட்’ இதற்கு நேர் எதிரானது. தகுதி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த அது, இப்படி நடத்தப்படுவது தகாது என்று நிமிர்ந்து நிற்பவரின் கோபம். நாம் அறச்சீற்றம் என்பதற்கு மிக அருகில் வருவது. பணம் கட்டிய அறையைப் பறிகொடுத்தவர் இன்டிக்னன்ட்டாக எழுதிய கடிதத்துக்கு நான் இரிட்டேஷன் என்று பெயர் வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, உங்களுக்குச் சிடுசிடுப்பு அதிகம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன் என்பது அன்றுதான் விளங்கியது.

இரண்டாவது கேள்வி காலத்தைப் பற்றியது. மூன்று முறை சொல்லியும் குழாயைச் சரிசெய்யாதபோது, கத்தவும் தெம்பில்லாமல் பொறுமை தேய்ந்து போன நிலை ‘எக்ஸாஸ்பரேட்டட்’. சொரசொரப்பு என்ற பொருளுள்ள லத்தீன் சொல் அதன் வேர் என்று ஆசிரியர் சொன்னபோது, ஒரே இடத்தில் உரசி உரசிக் காய்த்துப்போன கை நினைவுக்கு வந்தது. ‘ரிசென்ட்மென்ட்’ அதைவிடப் பழையது, ஓசையற்றது. மறுபடி உணர்தல் என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல் அது. பங்கு பிரித்ததில் தனக்குக் குறைவு என்று இருபது ஆண்டுகளாக உள்ளுக்குள் பொருமிக்கொண்டு, கல்யாண வீட்டில் மட்டும் சிரித்துப் பேசும் சித்தப்பாவின் மனத்தாங்கல்தான் அது. அதற்கு வெப்பமானியில் எந்தக் கோட்டைக் காட்டுவது?

இந்த வகுப்பை வேறு ஊரில் நடத்தியிருந்தால் இவ்வளவு சுவைத்திருக்காது என்று தோன்றுகிறது. பிரெஞ்சு தெரிந்த வீட்டிலிருந்து வந்த இரண்டு மாணவர்கள் எங்களோடு இருந்தார்கள். ஆங்கிலக் கோபத்தில் கணிசமான பகுதி பிரெஞ்சு வழியாக வந்தது என்பதால் பேச்சு அடிக்கடி அந்தப் பக்கம் திரும்பியது. ‘அவுட்ரேஜ்’ என்பதை ‘வெளியே’ என்ற சொல்லோடு ‘ரேஜ்’ சேர்ந்த கூட்டு என்றே நான் எண்ணியிருந்தேன். உண்மையில் அது எல்லை கடந்தது என்ற பொருளில் பிரெஞ்சில் உருவாகி, ஒரே சொல்லாக ஆங்கிலத்துக்கு முழுதாக வந்து சேர்ந்தது. இன்றும் பிரெஞ்சில் அதே எழுத்துக்கூட்டல் கோபத்தை அல்ல, கடும் அவமதிப்பைக் குறிக்கிறது. காவலரை இழிவாகப் பேசினால் அந்நாட்டுச் சட்டத்தில் அந்தப் பெயரில்தான் குற்றம். ‘ரேஜ்’ இன்னும் சுவையானது. வெறிநாய்க்கடி நோய்க்குப் பிரெஞ்சில் இன்றைக்கும் அதுவே பெயர், லத்தீன் மூலத்திலும் அதே பொருள்தான். நோய்க்கும் கண்மண் தெரியாத கோபத்துக்கும் நாம் ‘வெறி’ என்ற ஒரே சொல்லை வைத்திருப்பதை இதுவரை நான் கவனித்ததே இல்லை. இத்தனைக்கும் நடுவில், ‘ஆங்கர்’ என்ற அடிப்படைச் சொல் ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் துயரம் என்ற பொருளில் இருந்து வந்தது என்பதை ஆசிரியர் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அங்கே சற்று நின்றிருக்கலாம்.

யார் வாயில் எந்தச் சொல் பொருந்தும் என்ற பகுதியை விரைவாகவே முடித்தார்கள். ‘மேட்’ என்றால் அமெரிக்கருக்குக் கோபம், பிரிட்டிஷாருக்குப் பெரும்பாலும் பைத்தியம். ‘கிராஸ்’ என்பது பிரிட்டிஷ் வீடுகளில் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும்போது வருவது. ‘ராத்’ என்ற பெருஞ்சினம் கடவுளுக்கும் அரசர்களுக்கும் புயலுக்கும் உரியது, அறை மாறிப்போன விருந்தினருக்கு அதைச் சூட்டினால் கேலியாகிவிடும்.

பெரிய குறை என்று நான் கருதுவது, வகுப்பில் தமிழ் அறவே பேசப்படாததுதான். கோபத்தைச் சூட்டால் மட்டும் அளக்கக் கூடாது என்பது நமக்குப் புதிய பாடமல்ல. காதலர் பிணக்கிலேயே துனி வேறு, புலவி வேறு என்று பிரித்து, முதிர்ந்தது ஒன்று இளையது ஒன்று என உரை கண்ட மொழி நம்முடையது. அவை இரண்டும் இல்லாவிட்டால் காமம் அளிந்த கனியும் இளங்காயும் போலாகும் என்கிறது 1306ஆம் குறள். அந்தக் குறளையும் ஊடலையும் கொண்டு தொடங்கியிருந்தால் இரண்டு வாரப் பாடம் ஒரே வாரத்தில் எங்களுக்குப் பிடிபட்டிருக்கும். ஊடலுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று நான் கேட்டதற்கு ‘சல்க்’ என்று ஆசிரியர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதை மட்டும் சொல்கிறது, சமாதானப்படுத்த யாராவது வருவார்கள் என்ற எதிர்பார்ப்பைச் சொல்லவில்லை என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார்.

வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவர்கள் தயங்காமல் சேரலாம். தேர்வுக்காகச் சொற்பட்டியல் மனப்பாடம் செய்ய விரும்புவோருக்குப் பணம் வீண். கடைசி வாரத்தில் வகுப்பைப் பற்றியே ஒரு புகார்க் கடிதம் எழுதச் சொன்னார்கள். வெப்பமானித் தாளைக் கண்டித்து, அதைக் கண்டு நான் இன்டிக்னன்ட் ஆனதாக எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, ஒரு தாளுக்கு ‘அனாய்ட்’ போதும் என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தார்.